கொய்யா இலைக்கு கிலோ 300 ரூபாய்... நம்பி முன்பணம் கட்டலாமா?

"ஆயக்குடி பக்கத்தில் இரண்டரை ஏக்கரில் கொய்யா வைத்திருக்கிறோம். கொய்யா இலையில் ஆன்டி ஆக்ஸிடென்ட் அதிகம், வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம் என்று சொல்லி ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். காய்ந்த இலையைக் கிலோ 300 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வார்களாம். அதற்கு அவர்களிடமே 1.80 லட்சம் ரூபாய் கட்டி, உலர்த்தும் இயந்திரம் வாங்க வேண்டுமாம். ஆய்வக அறிக்கை ஒன்றையும் காட்டினார்கள். இதையெல்லாம் கேட்டதிலிருந்து என் அப்பா சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு, தினமும் காலையில் கொய்யா இலைக் கஷாயம் குடிக்கிறார். ஒன்றரை மாதம் ஆகிறது. பணம் கட்டலாமா, அப்பா செய்வது சரியா?"

- ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

இரண்டாவது கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். பணம் கட்டுவதை அடுத்த மாதம்கூட முடிவு செய்துகொள்ளலாம். அப்பாவின் உடம்பு அதுவரை காத்திருக்காது.

இந்த வாரமே அவரை அழைத்துப்போய், வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் ரத்தச் சர்க்கரை பாருங்கள். கூடவே, கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையும் எடுத்துவிடுங்கள். மாத்திரையை நிறுத்தியதையும் கஷாயம் குடிப்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். திட்டுவார் என்று பயந்து பலர் சொல்வதில்லை. பழைய மாத்திரையை வீட்டிலேயே பழைய அளவில் மறுபடி ஆரம்பிப்பதும் வேண்டாம். ஒன்றரை மாத இடைவெளிக்குப் பிறகு எந்த அளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மாத்திரையும் கஷாயமும் சேர்ந்தால் சிலருக்குச் சர்க்கரை தேவைக்கு மேல் இறங்கிவிடக்கூடும். கை நடுக்கம், குப்பென்று வியர்வை, கண் இருட்டல் ஆகியவை அதற்கான அறிகுறிகள். தோட்டத்தில் செருப்பில்லாமல் நடக்கிறவராக இருந்தால், தினமும் சாயங்காலம் அவருடைய பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு முள் குத்தினால்கூட வலி தெரியாமல் போகும். தெரிய வரும்போது புண் பெரிதாகியிருக்கும்.

'அப்படியானால் கொய்யா இலையில் ஒன்றுமே இல்லையா' என்று அப்பா கேட்பார். இருக்கிறது. வயிற்றுப்போக்குக்குக் கொய்யாக் கொழுந்தை மென்று விழுங்குவதும், பல்வலிக்குக் கொதிக்கவைத்துக் கொப்பளிப்பதும் கொய்யா உள்ள ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கொய்யாவின் பூர்விகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. அங்குள்ள மெக்ஸிகோவிலும் வயிற்றுக்கோளாறுக்கு இதே கை வைத்தியம்தான். அந்நாட்டு ஆய்வாளர்கள் இலையின் சத்தைப் பிரித்து, அதில் உள்ள குவர்செட்டின் என்ற பொருளின் அளவைக் கணக்கிட்டு, மாத்திரைக் குப்பியில் அடைத்து நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வயிற்று வலி நீடிக்கும் நேரம் குறைந்தது. 2002-ல் வெளியான முடிவு இது.

ஜப்பானில் கொய்யா இலைத் தேநீர் கடைகளில் பாட்டிலில் விற்கிறது. உடல்நலத்துக்கான தனிவகை உணவு என்ற முறையில் 2000-ம் ஆண்டில் அதற்கு அரசு அங்கீகாரமும் கிடைத்தது. ஆனால், எதற்குக் கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சோற்றில் உள்ள மாவுச்சத்தைக் குடலில் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளின் வேகத்தை, இந்த இலையில் உள்ள பாலிபீனால்கள் மட்டுப்படுத்துகின்றன. அதனால் சாப்பாட்டோடு குடித்தால், சாப்பிட்டவுடன் சர்க்கரை ஏறும் வேகம் கொஞ்சம் குறையும். அவ்வளவுதான். உங்கள் அப்பா காலையில் வெறும் வயிற்றில் குடிக்கிறார் என்றால், உடைப்பதற்கு அந்த நேரத்தில் குடலில் சோறே இல்லை! ஜப்பான்காரர்கள் இதைச் சர்க்கரை மாத்திரைக்கு மாற்று என்று விற்கவும் இல்லை.

நாவல் இலையின் கதையையும் அப்பாவிடம் சொல்லலாம். பிரேசில் நாட்டுக்குப் போன நாவல் மரம் அங்கே சர்க்கரை நோய்க்கான வீட்டு வைத்தியமாகிவிட்டது. மக்கள் இலையைத் தேநீர் போட்டுக் குடித்தார்கள். அந்நாட்டின் தென்பகுதியில் உள்ள போர்ட்டோ அலெக்ரே நகர மருத்துவ ஆய்வாளர்கள் நோயாளிகளைப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு நாவல் இலைத் தேநீரும் இன்னொரு பிரிவினருக்கு கிளைபுரைடு மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை குறைந்தது. தேநீர் குடித்தவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை குறையவே இல்லை. 2006-ல் முடிவு வெளியானது. ஆய்வகத்தில் நாவல் இலைக்கும் ஆன்டி ஆக்ஸிடென்ட் மதிப்பெண் நல்ல மதிப்பெண்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்த மதிப்பெண்ணில்தான், உங்களிடம் காட்டப்பட்ட அறிக்கையின் சூட்சுமம் இருக்கிறது.

இலை நாள் முழுக்க வெயிலில் நிற்கிறது. ஒளியை வாங்கி மாவு சமைப்பது அதன் வேலை. சித்திரை வெயிலில் தேவைக்கு அதிகமான ஒளி விழும்போது, இலைக்குள் கட்டுக்கடங்காத ஆக்ஸிஜன் அணுக்கூறுகள் உருவாகி, இலையின் திசுக்களையே அரிக்க ஆரம்பிக்கும். அதைத் தடுக்க மரம் தானே தயாரித்துக்கொள்ளும் கவசம்தான் ஆன்டி ஆக்ஸிடென்ட். மாமரம் தளிர்விடும்போது செம்பு நிறத்தில் பளபளக்கிறதே, பச்சையம் முழுமையாக ஊறும்வரை பிஞ்சு இலையைக் காக்கும் நிறமி அது. கொய்யா இலையைக் கடித்தால் நாக்கு வறட்டும் துவர்ப்பு, டானின். அது பூச்சி தின்னாமல் இருக்க மரம் செய்துகொண்ட ஏற்பாடும்கூட. மா இலையில் மாஞ்சிஃபெரின், கொய்யா இலையில் குவர்செட்டின் வகைகள், நாவல் இலையில் எல்லாஜிக் அமிலம் என்று மரத்துக்கு மரம் பெயர் மாறும். ஆக, வெப்ப நாட்டுப் பழ மரத்தின் இலையைச் சோதித்தால் ஆன்டி ஆக்ஸிடென்ட் இருக்கத்தான் செய்யும். அது இருப்பது அதிசயம் இல்லை.

இதைச் சோதிக்கும் முறை எளிது. டிபிபிஎச் என்று ஒரு ரசாயனம், கரைத்தால் ஆழ்ந்த ஊதா நிறம். அதில் இலைச்சாற்றை விட்டால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்பதைக் கருவியால் அளந்து, '92 சதவிகிதம்' என்பது போல எழுதுவார்கள். பெரும்பாலும் அந்தச் சாறு மெத்தனால் போன்ற கரைப்பானில் எடுத்ததாக இருக்கும். வீட்டில் யாரும் மெத்தனாலில் கஷாயம் வைப்பதில்லை. சோதனைக் குழாய்க்குள் குடலும் இல்லை, கல்லீரலும் இல்லை. வாய்வழியாகப் போகும் பாலிபீனாலில் சிறு பங்குதான் ரத்தத்தில் சேரும். அதையும் கல்லீரல் வேறு பொருளாக மாற்றிவிடும்.

அறிக்கையில் 'ஐசி 50' என்று ஓர் எண் இருந்தால், அதை விற்பனையாளரிடம் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். ஊதா நிறத்தைப் பாதியாக வெளுக்கவைக்க எவ்வளவு சாறு வேண்டும் என்பதைச் சொல்லும் எண் அது. குறைவாக இருந்தால்தான் சாற்றுக்கு வலிமை அதிகம். 'எங்கள் இலைக்கு எண் அதிகம் சார்' என்று பெருமையாகச் சொன்னால், அறிக்கையை அவரே படித்ததில்லை என்று அர்த்தம்.

இந்த மதிப்பெண் வியாபாரம் உலகம் முழுக்க ஒரு சுற்று வந்து முடிந்ததுதான். அமெரிக்க வேளாண்மைத் துறை ஒரு காலத்தில் எந்தெந்த உணவுக்கு எவ்வளவு ஆன்டி ஆக்ஸிடென்ட் திறன் என்று பெரிய பட்டியலே வெளியிட்டிருந்தது. மாத்திரை, பொடி, ஜூஸ் விற்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு விளம்பரம் செய்தார்கள். அந்த எண்களுக்கும் மனித உடம்புக்குள் நடப்பதற்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை, எண்களைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி 2012-ல் அந்தத் துறையே பட்டியலை நீக்கிவிட்டது. அதற்கும் முன்பு பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களிடம் ஒரு சோதனை நடந்தது. ஆன்டி ஆக்ஸிடென்டான பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களிடம் புற்றுநோய் 18 சதவிகிதம் கூடியிருந்தது. கேரட்டும் கீரையும் சாப்பிடுவதற்கும், அதில் உள்ள ஒரு பொருளைப் பிரித்து அள்ளிப் போட்டுக்கொள்வதற்கும் அவ்வளவு வித்தியாசம்.

இனி, 1.80 லட்சம்.

இலைக்கு ஏற்றுமதிச் சந்தை இருக்கிறதா என்றால், இருக்கிறது. தென்மாவட்டங்களின் கரிசல் காட்டில் விளையும் நிலாவரை இலை, 'திருநெல்வேலி சென்னா' என்ற பெயரில் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாடு போய்க்கொண்டிருப்பது பல தலைமுறைக் கதை. அந்த வியாபாரத்தைப் பார்த்தால் உண்மையான கொள்முதல்காரர் எப்படி இருப்பார் என்று புரியும். இலையில் சென்னோசைடு எத்தனை சதவிகிதம், ஈரப்பதம் எவ்வளவு, மண், குச்சி எவ்வளவு, பூச்சிக்கொல்லி எச்சம் உண்டா என்று கேட்பார். மாதிரி எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்துவிட்டு விலை சொல்வார். விவசாயியிடம் இயந்திரம் விற்க மாட்டார். உங்களிடம் வந்தவர்கள் இலையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. கடைசியாக என்ன மருந்து அடித்தீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

குஞ்சையும் கொட்டகையையும் தாங்களே கொடுத்து, தாங்களே திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்ன ஈமு கோழித் திட்டங்கள் 2012-ல் கொங்குச் சீமையில் என்ன ஆயின என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். பொருள் மாறியிருக்கிறது. கணக்கு அதேதான்.

அந்தக் கணக்கை உங்கள் தோட்டத்தை வைத்தே போட்டுப் பார்க்கலாம். ஆறு மீட்டர் இடைவெளியில் இரண்டரை ஏக்கருக்குச் சுமார் 270 மரம். ஒரு கவாத்தில் மரத்துக்கு 3 கிலோ பச்சை இலை கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் 810 கிலோ. காய்ந்தால் மூன்றில் ஒரு பங்கு நிற்கும் என்று வைத்தால் 270 கிலோ. குச்சியிலிருந்து இலையை உருவ ஓர் ஆள் ஒரு நாளைக்கு 20 கிலோ என்றால் 40 ஆள். கூலி 500 ரூபாய் வைத்தால் 20,000 ரூபாய். மின்சாரம், சாக்கு, வண்டி வாடகை தனி. கிலோ 300 ரூபாய்க்கு விற்றால் 81,000 ரூபாய் வரும், பிரமாதம். அதே இலையை அந்த நிறுவனம் எடுக்காமல் போய், வெளிச் சந்தையில் கிலோ 60 ரூபாய்க்குத்தான் கேட்கிறார்கள் என்றால் வருவது 16,200 ரூபாய். ஆள் கூலிக்கே பற்றாது. இயந்திரம் கொட்டகையில் தூங்கும். இவை எல்லாம் கணக்குக்காக வைத்த எண்கள். உண்மையான எண் உங்கள் தோட்டத்தில் இருக்கிறது. அடுத்த கவாத்தின்போது ஐந்து மரத்தின் இலையை மட்டும் உருவி, பச்சையில் ஒரு தடவை, காய்ந்த பிறகு ஒரு தடவை எடை போடுங்கள். எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். காய்ந்த இலையில் இரண்டு கிலோவை எடுத்துக்கொண்டு, விருதுநகர் அல்லது திண்டுக்கல்லில் மூலிகை வாங்கும் இரண்டு, மூன்று மொத்த வியாபாரிகளிடம் போய், 'என்ன விலைக்கு எடுப்பீர்கள்' என்று கேளுங்கள். அந்த விலையை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் 300 ரூபாய் என்று எழுதியிருப்பது, வாங்குகிறவர் ஊரில் இருக்கும்வரைதான் செல்லும்.

ஆக, முன்பணம் கட்ட வேண்டாம். நிறுவனத்தார் மறுபடி வந்தால், 'முதல் இரண்டு லோடை எங்கள் நிழல் உலர்த்தலில் காயவைத்துத் தருகிறோம், பணத்தைக் கையில் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள், அதன் பிறகு இயந்திரம் பற்றிப் பேசலாம்' என்று சொல்லிப் பாருங்கள். போனவர்கள் திரும்பி வருகிறார்களா என்பதிலேயே விடை இருக்கும்.

வெளி வியாபாரியிடம் நல்ல விலை கிடைத்து, இலை விற்பது என்று முடிவு செய்தால் சில விஷயங்கள் முக்கியம். காய்ப்பில் இருக்கும் கிளையில் இலையை உருவக் கூடாது. கொய்யா புதிதாக வரும் தளிர்க் கிளையில்தான் பூக்கும். அந்தக் கிளையில் உள்ள காய்க்குச் சோறு போடுவது பக்கத்து இலைகள்தான். இலைக்கு ஆசைப்பட்டால் காய் சிறுத்துவிடும். செப்டம்பர்-அக்டோபரிலும் பிப்ரவரி-மார்ச்சிலும் வழக்கமாகச் செய்யும் நுனிக் கவாத்தில் விழுவதை மட்டும் எடுக்கலாம். இது எப்படியும் வெட்டிப் போடுவதுதான்.

அடுத்தது மருந்து. தேயிலைக் கொசுவுக்கும் மாவுப்பூச்சிக்கும் அடிக்கிற மருந்து காயைவிட இலையில்தான் அதிகம் படிகிறது. டப்பாவில் 'அறுவடைக்கு முன் இத்தனை நாள்' என்று போட்டிருப்பது பழத்துக்கான கணக்கு, இலைக்கு அல்ல. பழத்தைக் கழுவிச் சாப்பிடுகிறோம். இலையைக் காயவைத்தால் தண்ணீர் மட்டும்தான் போகும், மருந்து மூன்று மடங்கு செறிந்து நிற்கும். அதை வெந்நீரில் ஊறவைத்து ஒருவர் குடிக்கப்போகிறார். ரசாயன மருந்து அடிக்கிற தோட்டத்து இலையைத் தேநீருக்கு விற்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இயற்கை முறையில் செய்கிறவர்களும் ஒரு தடவை எச்சம் சோதித்துவிடுவது நல்லது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் அதற்கான ஆய்வகம் இருக்கிறது. உங்கள் அப்பா குடிக்கும் கஷாயத்துக்கும் இது பொருந்தும். எந்த மரத்து இலை, அந்த மரத்துக்குக் கடைசியாக எப்போது மருந்து அடித்தோம் என்று முதலில் பாருங்கள்.

உலர்த்துவதற்கு இயந்திரம் கட்டாயம் இல்லை. வாழைப்பூவை நறுக்கியதும் மோர்த் தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துவிடும் அல்லவா? பூவில் உள்ள பாலிபீனால் காற்றுபட்டு வீணாவதுதான் அந்தக் கறுப்பு. கொய்யா இலையிலும் அதே கதைதான். பறித்த இலையைக் கசக்கிச் சாக்கில் திணித்து ஒரு ராத்திரி வைத்தால் உள்ளே வெந்து பழுப்பாகிவிடும். எந்தப் பொருளுக்காக விற்கிறீர்களோ அதுவே போய்விடும். பறித்த அன்றே கழுவி, நீரை வடித்து, காற்றோட்டமான நிழலில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, தினமும் இரண்டு முறை புரட்டிவிட வேண்டும். ஒன்றிரண்டு நிமிடம் ஆவியில் காட்டிவிட்டுப் பரப்பினால் பழுப்பாக்கும் நொதி அடங்கி, பச்சை நிறம் நிற்கும். கையில் நொறுக்கினால் சடசடவென்று உடைய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, பூஞ்சணம் பிடிக்கும்.

"கொய்யா, மா, பலா மூன்றும் கலந்து வைத்திருக்கிறேன். கவாத்து செய்த இலையை ஆடு, மாடுகளுக்குப் போடலாமா? ஆன்டி ஆக்ஸிடென்ட் இருப்பதால் கால்நடைக்கும் நல்லது என்கிறார்களே?"

- ஒரு வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்.

பலா இலையை ஆடு எப்படித் தின்னும் என்று புதுக்கோட்டைக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தாராளமாகப் போடலாம். கொய்யா இலையையும் மற்ற தீவனத்தோடு கொஞ்சம் கலந்து கொடுக்கலாம். இந்த இலைகளில் உள்ள டானின் அளவாகப் போனால், தீவனத்தில் உள்ள புரதம் முதல் வயிற்றிலேயே வீணாகாமல் குடல்வரை போக உதவும். அளவு மீறினால் அதே டானின் செரிமானத்தைக் கெடுக்கும், தீனி எடுப்பது குறையும்.

மா இலையில்தான் எச்சரிக்கை வேண்டும். அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. ஐரோப்பிய ஓவியர்கள் ஒரு காலத்தில் 'இந்திய மஞ்சள்' என்ற வண்ணத்தைத் தேடி வாங்கினார்கள். அது எங்கிருந்து வருகிறது என்று விசாரித்துப் போன திரைலோக்கியநாத் முகர்ஜி என்ற அதிகாரி, 1883-ல் எழுதிய கடிதத்தில் விஷயத்தைப் போட்டு உடைத்தார். பிகாரில் முங்கேர் ஊருக்குப் பக்கத்தில் மிர்சாபூர் என்ற கிராமத்தில், மாடுகளுக்கு மா இலையும் தண்ணீரும் மட்டுமே கொடுத்து, அவற்றின் பளீர் மஞ்சள் மூத்திரத்தைப் பிடித்துக் காய்ச்சித்தான் அந்த வண்ணம் தயாரானது. மாடுகள் நோஞ்சானாக இருந்தன என்றும் அவர் எழுதியிருக்கிறார். வெகு காலம் இதைக் கட்டுக்கதை என்றவர்களும் உண்டு. அவர் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்கு அனுப்பிய மாதிரிகளை அண்மையில் ஆராய்ந்தவர்கள், அது மாட்டு மூத்திரத்திலிருந்து வந்ததுதான் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். மா இலையின் பெரிய ஆன்டி ஆக்ஸிடென்ட் என்று இன்று கொண்டாடப்படும் மாஞ்சிஃபெரின்தான் மாட்டின் உடம்பில் மாறி, அந்த மஞ்சளாக வெளியேறியது. மாட்டுக்கு அது சத்தாகச் சேரவில்லை, கழித்து வெளியே தள்ள வேண்டிய பொருளாகத்தான் இருந்திருக்கிறது.

கோடையில் தீவனம் இல்லாதபோது மா இலையைக் கைப்பிடி அளவில் மற்றவற்றோடு கலந்து போடலாம். அதையே முழுத் தீவனமாக்கக் கூடாது. மூன்று மரத்துக்கும் பொதுவான விதி, மருந்து அடித்த மரத்துக் கவாத்து ஆட்டுப்பட்டிக்குப் போகவே கூடாது. தின்ற ஆடு வாயில் நுரை தள்ளி, கால் பின்னினால் மோர், எண்ணெய் என்று ஊற்றிக்கொண்டிருக்காமல், என்ன மருந்து அடித்தீர்களோ அந்த டப்பாவோடு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். முறிவு ஊசி உண்டு, நேரத்தோடு போட்டால் பிழைக்கும்.

"முள் சீத்தா இலை புற்றுநோயைக் குணமாக்கும் என்று சொல்கிறார்கள். ஒரு ஏக்கரில் நட்டு, இலையைப் பொடி செய்து பாக்கெட்டில் விற்கலாம் என்று இருக்கிறேன். எப்படி ஆரம்பிப்பது?"

- ஒரு வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்.

உங்கள் மாவட்டத்து மழைக்கும் மண்ணுக்கும் முள் சீத்தா நன்றாகவே வரும். பழத்துக்காக நடுவதாக இருந்தால் தாராளமாக நடுங்கள். இலைப் பொடித் திட்டத்தை மட்டும் கைவிட்டுவிடுங்கள்.

முள் சீத்தாவின் சாறு புற்றுநோய் செல்லைக் கொன்றது என்று வரும் செய்திகள், ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களிலும் எலிகளிலும் பார்த்தவை. நோயாளிகளிடம் முறையாகச் சோதித்து, குணமாகும் என்று யாரும் நிறுவவில்லை. சொல்லப்படாத இன்னொரு பக்கமும் இருக்கிறது. கரீபியன் கடலில் உள்ள குவாடலூப் தீவில், வழக்கமான பார்கின்சன் மருந்துக்குக் கட்டுப்படாத ஒருவகை நடுக்குவாத நோய் வழக்கத்துக்கு மாறாக அதிகம் இருந்தது. 1999-ல் ஆய்வாளர்கள் விசாரித்தபோது, அந்த நோயாளிகள் முள் சீத்தாப் பழமும் இலைக் கஷாயமும் வழக்கமாகச் சாப்பிடுகிறவர்களாக இருந்தார்கள். இந்தச் செடியில் அனோனாசின் என்ற பொருள் இருக்கிறது. செல்லுக்கு ஆற்றல் தயாரித்துக் கொடுக்கும் பாகத்தை அது முடக்கும். எலிகளுக்கு ரத்தத்தில் தொடர்ந்து செலுத்தியபோது மூளை நரம்புகள் சேதமாயின. மனிதர்களில் இதுதான் காரணம் என்று முடிவாக நிரூபணம் ஆகவில்லை. ஆனால், தினமும் குடிக்கச் சொல்லி ஒருவருக்கு விற்பதற்கு இந்தச் சந்தேகமே போதுமான தடை. எப்போதாவது ஒரு பழம் சாப்பிடுவது வேறு, நாள் தவறாமல் இலைக் கஷாயம் குடிப்பது வேறு. அதே இலையில் ஆன்டி ஆக்ஸிடென்டும் ஏராளமாக இருக்கிறது. ஒரு இலைக்குள் நல்லது, கெட்டது இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும். டிபிபிஎச் சோதனையில் நல்லது மட்டும்தான் தெரியும்.

சட்டமும் இடம் கொடுக்காது. மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் பற்றிய 1954-ம் ஆண்டுச் சட்டப்படி, புற்றுநோயையும் சர்க்கரை நோயையும் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே குற்றம். முதல் தடவையே ஆறு மாதம்வரை சிறைத்தண்டனை உண்டு. பாக்கெட்டில் அச்சடிக்காமல் துண்டுச்சீட்டில் கொடுத்தாலும், வாட்ஸ்அப்பில் போட்டாலும் விளம்பரம் விளம்பரம்தான். வாங்குகிறவர் யார் என்பதையும் யோசித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவர், பாக்கெட்டை நம்பி அடுத்த ஊசிக்குப் போகாமல் இருந்துவிடக்கூடும்.

பழத்துக்காக நட்டால், ஐந்து மீட்டர் இடைவெளி விட்டு, காற்றுத் தடுப்பு உள்ள இடமாகப் பார்த்து நடுங்கள். பூ நிறைய வந்தும் காய் பிடிக்கவில்லை என்று பலர் சொல்வார்கள். மகரந்தம் சேர்க்கும் சின்ன வண்டுகள் போதாததுதான் பெரும்பாலும் காரணம். தூரிகையால் கையில் மகரந்தம் தொட்டுவைத்தால் காய்ப்பு கூடும். பழுத்த பழம் இரண்டு, மூன்று நாளில் குழைந்துவிடும் என்பதால், நடுவதற்கு முன்பே நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் ஜூஸ் கடைகளிலும் ஐஸ்கிரீம் தயாரிப்பவர்களிடமும் வாரத்துக்கு எத்தனை கிலோ எடுப்பார்கள் என்று கேட்டு வையுங்கள்.